இல்லாத சரக்குக்கு ஒரு பில்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம். கோவையில் ஒரு தனியார் கம்பெனியில் நாலு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஏப்ரலில் புது மேனேஜர் வந்தார். ஜூலையில் பேக்கிங் அட்டை வாங்கியதாக ஒரு பில்லைக் கொடுத்து, "இதை டேலில ஏத்திடுங்க" என்றார். டேலி என்பது எங்கள் கணக்கு மென்பொருள். சரக்கு வரவே இல்லை, பில் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். ஏற்றிவிட்டேன். ஆகஸ்டில் இன்னொன்று. இப்போது மூன்றாவது பில் மேஜையில் கிடக்கிறது. பக்கத்து சீட் அண்ணன், "நீ போடலைன்னா வேற ஒருத்தன் போடப்போறான், உனக்கு ஏன் வம்பு?" என்கிறார். அம்மாவிடம் பட்டும் படாமல் சொன்னேன். "ஜெபம் பண்ணுடா, கர்த்தர் பார்த்துக்குவார்" என்றார்கள். ஜெபக்குழு நண்பர், "விசுவாசம் இருந்தா நாளைக்கே ராஜினாமா பண்ணு" என்கிறார். வீட்டுக்கடன் தவணை மாதம் 21,400 ரூபாய். மனைவிக்கு இது ஐந்தாம் மாதம், அவளுக்கு எதுவும் தெரியாது. சபையில் நான் ஞாயிறு பள்ளி ஆசிரியர். அடுத்த மாதம் பிள்ளைகளுக்குச் சகேயு பாடம் எடுக்க வேண்டும். இரண்டு மாதமாக இராப்போஜனம் எடுக்கவில்லை. ஆபீஸ் ஆயுதபூஜை, வெள்ளிக்கிழமை பார்ட்டி என்று ஒவ்வொன்றிலும் தடுமாறுகிறேன். கிறிஸ்தவனாக இருந்துகொண்டு இந்த உலகத்தில் வேலை பார்க்கவே முடியாதா?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஜூலை மாதத்துக்குப் போவோம். அந்த முதல் பில்லை ஏற்றும்போது யோசிக்க எவ்வளவு நேரம் கிடைத்தது? அரை நிமிடம் கிடைத்திருந்தால் அதிகம். மேனேஜர் பக்கத்தில் நின்றிருப்பார், பத்து வேலைகளுக்கு நடுவே பதினோராவதாக இதுவும் வந்திருக்கும். எனக்கு இது தெரியும். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்தான்.

குருத்துவப் பணிக்கு வருமுன் ஒன்பது வருடம் ஒரு மில்லில் கணக்கு எழுதினேன். கம்ப்யூட்டர் வராத காலம். ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள், ஸ்டோர் இருப்பு ரெஜிஸ்டரில் ஐந்து வாரம் எழுதாமல் கிடந்ததை ஒரே மத்தியானத்தில் எழுதி முடிக்கச் சொன்னார்கள். தோராயமாக எண்களைப் போட்டு எழுதினேன். ஒரே மையில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மூன்று பேனா வைத்துக்கொண்டேன். ஒன்று நீலம், ஒன்று கறுநீலம், ஒன்று மை தீரப்போகிற பழைய பேனா. தேதிக்குத் தேதி மாற்றி மாற்றி எழுதினேன். சில வரிகளில் கையெழுத்தை வேண்டுமென்றே கொஞ்சம் அவசரமாக்கினேன். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, தானாகவே வந்தது. அன்று மாலை ஆறரைக்குப் பாடகர் குழுப் பயிற்சி. போய்ப் பாடினேன்.

வருட முடிவில் ஸ்டாக் எடுத்தார்கள். நான் எழுதிய எண்ணிக்கையும் அலமாரியில் இருந்த பேரிங்குகளும் ஒத்துவரவில்லை. பழி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற பையன் தலையில் விழுந்தது. பத்தொன்பது வயது அவனுக்கு. வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் அவன் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. இத்தனை வருடம் பிரசங்கம் பண்ணிவிட்டேன், அந்தப் பையனின் முகம் இன்னும் மறக்கவில்லை.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. பொய்க்கணக்கு காகிதத்தோடு நிற்பதில்லை, இறங்கி இறங்கி அந்த இடத்திலேயே எளிய ஆள் யாரோ அவன் மேல் போய் விழும். உங்கள் ஆபீசில் அது நீங்களாகவும் இருக்கலாம். பில்லை ஏற்றச் சொன்னவர் வாயால் சொன்னார், ஏற்றியது உங்கள் லாகின். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைப் பதிந்தார், எதை மாற்றினார் என்ற தடம் அழிக்க முடியாதபடி இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே பழைய இரண்டு பதிவுகளையும் பயத்தில் நீங்களாக அழிக்கவோ திருத்தவோ போகாதீர்கள். அது இன்னொரு தப்பாகப் பதிவாகும்.

சரி, இந்தப் பில் உண்மையில் என்ன? சரக்கு வந்தால்தான் அதற்குக் கட்டிய ஜிஎஸ்டியை வரவாக எடுத்து, கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். சரக்கே வராமல் பில்லை மட்டும் வைத்து எடுத்தால், அரசாங்கத்துக்குச் சேராத பணத்தைச் சேர்ந்ததாகக் காட்டி எடுப்பது. மலைப்பிரசங்கத்தில் நம்முடைய ஆண்டவர் சொன்னார்: "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்." கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட நேரான வசனம் வேதத்தில் இல்லை. உங்கள் மேஜையில் கிடக்கும் மூன்றாவது பில், இல்லதை உள்ளதென்று எழுதச் சொல்கிறது. இதில் இரண்டு பக்கமும் யோசிக்க ஒன்றுமில்லை. ஏற்றாதீர்கள்.

எப்படி ஏற்றாமல் இருப்பது என்பதுதான் கஷ்டம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜான் வுல்மன் என்று ஒருவர், 1720-இல் பிறந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் மவுண்ட் ஹாலி என்ற ஊரில் இளவயதில் ஒரு கடையில் வேலை பார்த்தார். கணக்கும் பத்திரமும் எழுதுகிற வேலை. ஒருநாள் முதலாளி தன்னிடம் அடிமையாக இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைச் சீட்டு எழுதச் சொன்னார். வாங்குகிறவர் காத்துக்கொண்டிருந்தார். வாங்கியவரும் அதே சபைக்காரர்தான், வயதானவர். வுல்மனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் திடீரென்று வந்த வேலை, சொன்னவர் முதலாளி. எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதிய பிறகு இருவரின் முன்னாலும், "அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒத்ததல்ல" என்று சொன்னார். சொன்ன பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை. எழுத முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்ற வேதனையைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சில காலம் கழித்து வேறொருவர் அதே மாதிரிச் சீட்டு எழுதக் கேட்டார். இந்த முறை வுல்மன் தயாராக இருந்தார். என்னால் முடியாது என்று அன்பாகவே சொல்லிவிட்டார். பிறகு அடிமை வைத்திருந்த சபையார் வீடு வீடாகப் போய், சண்டை போடாமல் பேசிப் பேசியே வாழ்நாளைக் கழித்தார். அவர் இறந்தது 1772-இல். 1776-இல் பிலடெல்பியா குவேக்கர் ஆண்டுக் கூட்டம், சபையார் யாரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்தது.

உங்கள் ஜூலையும் ஆகஸ்டும் அவருடைய முதல் சீட்டைப் போன்றவை. திடீரென்று வந்தது, விழுந்துவிட்டீர்கள். மூன்றாவது பில் திடீரென்று வந்ததில்லை, உங்களுக்கு நேரம் இருக்கிறது. தானியேலைப் பற்றி வேதம் சொல்வதைக் கவனியுங்கள். ராஜாவின் போஜனத்தினால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாதென்று "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு" அப்புறம் போய்ப் பேசினான். தீர்மானம் முதலில், பேச்சு பிறகு. நாம் பெரும்பாலும் மேனேஜர் முன்னால் போய் நின்ற பிறகுதான் தீர்மானம் பண்ணப் பார்க்கிறோம். அங்கே அது நடக்காது.

தானியேல் பேசின விதமும் முக்கியம். சத்தம் போடவில்லை, "நீங்கள் பாவிகள்" என்று சொல்லவில்லை. பத்து நாள் சோதித்துப் பாரும் என்று ஒரு வழி காட்டினான். உங்களுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. முதலில் மேனேஜரைத் தனியாகப் பாருங்கள். "சார், இந்தப் பில்லுக்குச் சரக்கு வந்த பதிவு எதுவும் இல்லை, என்னால் ஏற்ற முடியவில்லை" என்று சொல்லுங்கள். அன்றைக்கே ஒரு மெயிலும் அனுப்புங்கள். மூன்றே வரி போதும்: "மேற்படி பில்லுக்குரிய சரக்கு வரவுச் சீட்டு, கேட் ரெஜிஸ்டர் பதிவு, இ-வே பில் ஆகியவை கணக்குப் பிரிவுக்கு வரவில்லை. வந்ததும் பதிவு செய்கிறேன். அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்." இதில் யார் மேலும் குற்றச்சாட்டு இல்லை, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள். மெயில் என்று வந்துவிட்டால் பல பில்கள் தானாகவே மேஜையிலிருந்து காணாமல் போகும்.

முதலாளிக்கு இது தெரியும் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். ஏப்ரலில் வந்த ஒருவர், ஜூலையில் முதல் பில். நிறுவனத்துக்கே தெரியாமல்கூட நடக்கலாம். மேனேஜர் வற்புறுத்தினால் கம்பெனியின் ஆடிட்டரிடமோ மேலே உள்ளவரிடமோ போகலாம். ஆனால் அதற்கு முன்பு உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். இரண்டு பில் ஏற்கெனவே உங்கள் கையால் ஏறியிருக்கிறது, தெரிந்தேதான் ஏற்றினீர்கள். இப்படிப்பட்ட குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கு ஜிஎஸ்டி சட்டத்தில் 25,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. போலி பில் விஷயத்தில் வரித்தொகை மிகப் பெரிதானால் சிறைத்தண்டனை வரைக்கும் போகும். திருத்திக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. தவறாக எடுத்த வரவை நிறுவனம் தானாகவே முன்வந்து டிஆர்சி-03 படிவத்தில் வட்டியோடு திருப்பிக் கட்டலாம். மோசடி என்று வரும் விஷயத்தில் நோட்டீஸ் வருவதற்கு முன்பு கட்டினால் அபராதம் வரியில் 15 சதவீதம், விட்டுவிட்டால் அது 100 சதவீதம் வரை ஏறும். இதை நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்லுகிறவர் நீங்களாக இருந்தால், அது முதலாளிக்குச் செய்கிற நன்மை. அதையும் ஊழியமாகவே நினைத்துச் செய்யுங்கள்.

பக்கத்து சீட் அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கிறது. நீங்கள் போடாவிட்டால் வேறு ஒருவர் போடலாம். அது அவருடைய கணக்கு. அப்படிச் சொன்னவருக்கும் மனசு உறுத்தியிருக்கலாம், இல்லாவிட்டால் அதைப் பற்றி அவர் ஏன் பேச வேண்டும்? அவர்மேல் கோபப்படாதீர்கள்.

ராஜினாமா பண்ணச் சொன்ன நண்பருக்கு வருகிறேன். யோவான்ஸ்நானனிடம் ஆயக்காரர், அதாவது வரி வசூலிக்கிறவர்கள், வந்து, "போதகரே, நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டார்கள். ஊரே வெறுத்த வேலை அது. "வேலையை விட்டுவிடு" என்று அவன் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதே என்றான். நாற்காலியில் உட்கார், நேர்மையாய் உட்கார். ஆண்டவரும் தம்முடையவர்களுக்காக ஜெபித்தபோது, அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்ளவில்லை, தீமையினின்று காக்கும்படிதான் வேண்டிக்கொண்டார். உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதிலும் அதுதான், தம்பி. வேலை பார்க்க முடியும். பார்க்கவும் வேண்டும். நேர்மையான ஒரு கணக்கர் எழுந்து போய்விட்டால் அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார்?

ஆனாலும், "பில்லை ஏற்று, இல்லையென்றால் கிளம்பு" என்று ஒருநாள் சொல்லிவிடுவார்கள் என்றால் கிளம்பத்தான் வேண்டும். அந்த நாளுக்கு இப்போதே ஆயத்தமாகுங்கள். வேறு இடத்தில் விசாரிக்க ஆரம்பியுங்கள். ஆறு மாதத் தவணைக்கான பணம் தனியே சேருகிறவரை புதுச் செலவு எதையும் இழுத்துக்கொள்ளாதீர்கள். கைப்பிடி அரிசியைப் பானையில் தனியாக எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்த அம்மாமார் வளர்த்த பிள்ளைகள் நாம். அந்தச் சிக்கனம் இன்றைக்கு உங்கள் மனசாட்சிக்குக் காவலாக நிற்கும். மாதம் பிறந்தால் பணம் கட்டியாக வேண்டும் என்ற பயம்தான் மேனேஜர் கையில் இருக்கிற கயிறு. அந்தக் கயிறு எவ்வளவு தளர்கிறதோ அவ்வளவுக்கு உங்களால் நிமிர்ந்து பேச முடியும்.

நாளைக்கே விடு என்ற அந்த நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: "விட்டால் இரண்டு மாதத் தவணைக்கு ஜெபக்குழு தோள் கொடுக்குமா?" மனத்தாங்கல் இல்லாமல், உண்மையாகவே கேளுங்கள். சபையாகிய எங்களுக்கும் இதில் பெரிய குறை இருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரைப் பெரிய தொகைக்கு எடுக்கிறவரின் பெயரை மைக்கில் சொல்கிறோம், அந்தப் பணம் எந்த வழியில் வந்தது என்று கேட்பதில்லை. மனசாட்சிக்காக வேலையை இழந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற வாலிபனின் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆயர்களாகிய நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டிய காரியம் இது. உங்கள் ஆயரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். அவர் சங்கடப்பட்டாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இராப்போஜனத்தை விட்டு விலகி நிற்பதுபற்றி எழுதியிருந்தீர்கள். அதில் உங்கள் பயபக்தி தெரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனாலும் பவுல் சொன்னதை முழுவதுமாகப் படியுங்கள்: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்தறிந்து விலகி நில் என்று எழுதியிருக்கவில்லை. நடந்ததை ஆண்டவரிடம் அறிக்கையிட்டு, மூன்றாவதை ஏற்றமாட்டேன் என்று தீர்மானம் பண்ணிவிட்டு வந்து முழங்கால்படியிடுங்கள். பலமுள்ளவர்களுக்குத் தரும் பரிசாக அந்த அப்பத்தை அவர் வைக்கவில்லை.

ஆயுதபூஜையைப் பற்றி: இது பில்லைப் போல ஒரே வரியில் தீர்கிற விஷயமல்ல. தேவபக்தியுள்ளவர்களே இதில் இரண்டு விதமாக நடக்கிறார்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் தன் எஜமானோடு ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குள் போக வேண்டியிருக்குமே என்று எலிசா தீர்க்கதரிசியிடம் கலங்கினபோது, எலிசா அவனை விரட்டவில்லை, "சமாதானத்தோடே போ" என்றான். பவுலோ, இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவன் சொன்னால், சொன்னவனின் மனசாட்சிக்காக அதைப் புசிக்காதே என்கிறார். நான் மில்லில் இருந்தபோது செய்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் எல்லோரோடும் சேர்ந்து மேஜை, பீரோ எல்லாம் துடைப்பேன். பூஜை நேரத்தில் மரியாதையாக ஓரமாக நிற்பேன். பொரியும் சுண்டலும் வரும்போது, "எனக்கு வேண்டாம்ணே, தப்பா நினைக்காதீங்க" என்பேன். ஒருவரும் தப்பாக நினைக்கவில்லை. என்னை வேதனைப்படுத்துவது வேறொன்று. சுண்டல் வேண்டாம் என்று இழுத்துக்கொண்ட அதே கைதான் மூன்று பேனாவைப் பிடித்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியை விட்டுவிட்டீர்களே என்று ஆண்டவர் வேதபாரகரைக் கடிந்துகொண்டது என்னைத்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பார்ட்டிக்குப் போகலாம், ஒரு மணி நேரம் இருந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். குடி உங்களை இழுக்கும் என்று தெரிந்தால் போகாதீர்கள். இதற்குமேல் இதை யோசித்துக் குழம்ப வேண்டாம்.

அம்மா ஜெபம் பண்ணச் சொன்னதும் சரிதான். நெகேமியா ராஜாவின் முன்னால் நின்றபோது பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான், அதே மூச்சில் ராஜாவிடம் வாய் திறந்து கேட்கவும் செய்தான். நீங்களும் ஜெபித்துவிட்டு அந்த மெயிலை அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இதையெல்லாம் உங்கள் மனைவியிடம் இன்று ராத்திரி சொல்லுங்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஏன் கவலை தர வேண்டும் என்று மறைத்திருப்பீர்கள். இரண்டு மாதமாக நீங்கள் சரியாகத் தூங்காததும் இராப்போஜனத்துக்கு எழுந்து போகாததும் அவருக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? என்னமோ என்று அவர் தனியாகப் பயந்துகொண்டிருப்பார். சாப்பாடு முடிந்து, போனை எடுத்து வைத்துவிட்டு, முதல் பில்லிலிருந்து சொல்லுங்கள். தவணை நோட்டையும் எடுத்து இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்.

சகேயு பாடத்தை வேறு ஆசிரியரிடம் தள்ளிவிடாதீர்கள், நீங்களே எடுங்கள். பிள்ளைகள் எப்போதும் அவன் மரத்தில் ஏறினதைத்தான் கேட்பார்கள், படமும் அதையே வரைவார்கள். ஆயக்காரனாகிய அவன் ஆண்டவர் முன்னால் நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித்தருகிறேன் என்று சொன்னதை இந்த முறை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மேனேஜர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். உங்களுக்காகவும், உங்கள் மனைவிக்காகவும், பிறக்கப்போகும் பிள்ளைக்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.